கரையான் விட்டுவைத்த கையெழுத்து

குற்றாலச் சாரல் உடம்புக்கு இதம், காகிதத்துக்கு எமன். தென்காசி வட்டாரத்துப் பழைய பி.டி. மாஸ்டர்கள் யாரிடம் பயின்றார்கள் என்று தேடப் போனால், ஈரத்தில் ஒட்டிப்போன பள்ளிப் பதிவேடுகள்தான் முதலில் கைக்கு வரும். மேலகரத்தில் அப்படி ஒரு மாஸ்டர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவரது சான்றிதழ் ஒன்று கிடைத்தது. ஆண்டு இருந்த மூலை கரையானுக்குப் போய்விட்டது. எஞ்சியவை சென்னை ஒய்.எம்.சி.ஏ. என்ற தலைப்பும், கீழே ஒரு கையெழுத்தும்: எச்.சி. பக்.

கையெழுத்தைப் பிடித்துக்கொண்டே காலத்தை நெருங்கலாம். ஹாரி குரோ பக், பென்சில்வேனியாக்காரர். 1891-இல் கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1919-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் அணியில் ஐந்தே மாணவர்கள். பிறகு அதுவே கல்லூரியானது. 1943-இல் இறக்கும்வரை அவர் அதை விட்டுப் போகவில்லை. ஆகவே சான்றிதழும் அந்த ஆண்டுகளுக்குள் அடக்கம்.

அவர் ஊரில் ஒருவர் கல்லூரி பேஸ்பால் அணிக்கு இத்தனை காலம் பயிற்சி தந்திருந்தால், வென்றது தோற்றது அத்தனையும் ஏட்டில் ஏறியிருக்கும். பக்குக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியத் தடகள வீரர்கள் எட்டுப் பேரை மேலாளராக அழைத்துப் போனவர் அவர்தான். தடை ஓட்டக்காரர் லட்சுமணனும், நீளம் தாண்டிய தலிப் சிங்கும் முடிவுப் பட்டியல்களில் இருக்கிறார்கள். கூட்டிப் போனவருக்குப் பட்டியலில் ஏது இடம்? ஒய்.எம்.சி.ஏ.வின் அயல்நாட்டுப் பணி ஆவணங்களோ மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மேலகரத்து மாஸ்டரைத் தேடினால் வழி அங்கே போகிறது!

ஆனால் எனக்குப் பெரிய சாட்சி அதே பெட்டிக்குள் இருந்தது. பக் தொகுத்த ஆட்ட விதிகள் நூல், அட்டை போன பிரதி. வாலிபால் ஆடுகளப் படம் உள்ள பக்கத்தில் 60 அடி, 30 அடி என்ற அளவுகளுக்கு அடிக்கோடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு: கோடு போட எத்தனை படி சுண்ணாம்பு, என்ன விலை. பக்கம் முழுக்க வெள்ளை விரல் தடங்கள். மைதானத்தில் விரித்து வைத்தே கோடு போட்டிருக்கிறார் மாஸ்டர். பயிற்சியாளர் ஒருவரின் கணக்கை இந்த மாதிரிப் பக்கங்களில்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

இனி தேட வேண்டியது மாஸ்டரின் நியமன ஆணை. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளுக்குத் திருநெல்வேலி பஸ்தான் ஏற வேண்டும்.