பிஜ் கிராமத்து டிவி நிலையம்

1980-களின் பிற்பகுதியில் சென்னை தூர்தர்ஷனுக்கு இரண்டாவது சேனல் வந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது வங்கியில் கிளார்க். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, "இப்போ தெரியுதா?" என்று கீழே பார்த்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்தச் சேனலின் கதையில் குஜராத் கிராமம் ஒன்றுக்கும் இடம் உண்டு என்பதை ரிடையர் ஆன பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊரின் பெயர் பிஜ். கேடா மாவட்டத்தில், அகமதாபாத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1918-ல் காந்தியும் படேலும் விவசாயிகளுக்காக சத்தியாகிரகம் நடத்திய மாவட்டம் அது. அமுல் பால் கூட்டுறவு வளர்ந்ததும் அங்கேதான்.

1975 ஆகஸ்டில் இஸ்ரோ 'சைட்' என்ற சோதனையைத் தொடங்கியது. அமெரிக்காவிடம் ஓராண்டுக்குக் கிடைத்த ஒரு செயற்கைக்கோள் மூலம், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். அதே ஆண்டில் பிஜ்ஜில் 1 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் இயங்கத் தொடங்கியது. சென்னை தூர்தர்ஷனுக்கும் அதே வயதுதான்.

செயற்கைக்கோள் சோதனை 1976 ஜூலையில் முடிந்தது. பிஜ் நிலையம் மட்டும் தொடர்ந்து நடந்தது. கேடா மாவட்டத்தில் 400-க்கும் மேற்பட்ட கிராமங்களில் பொது டிவி பெட்டிகள் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பால் சங்கக் கட்டடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ இருக்கும். மாலையில் ஊரே கூடி உட்கார்ந்து பார்க்கும்.

நிகழ்ச்சிகளை அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோ ஸ்டுடியோவில் தயாரித்தார்கள். ஆனால் தயாரிப்பதற்கு முன்பு கிராமங்களுக்குப் போய், மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒளிபரப்பிய பிறகும் போய், புரிந்ததா என்று கேட்டார்கள். பேச்சு அந்த வட்டாரத்து குஜராத்தி. கிராமத்து ஆட்களே நடித்தார்கள். 'சதுர் மோட்டா' என்ற தொடர் வரதட்சணை பற்றியும் விதவை மறுமணம் பற்றியும் பேசியது. விவசாயக் கூலி, தீண்டாமை, குடிப்பழக்கம், கூட்டுறவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் இருக்கும் ஊரில், பொதுப் பெட்டியில் கூலியைப் பற்றிப் பேசுவது சாதாரண விஷயமா? இந்தப் பணிக்காக கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது.

இதற்கிடையில் நாடெங்கும் தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டர்கள் பெருகின. 1982-ல் கலர் வந்தது, டெல்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சியும் வந்தது. பெரிய நிலையத்தின் ஒளிபரப்பு கேடாவுக்கும் கிடைக்கும்போது பிஜ் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1985-ல், அந்த டிரான்ஸ்மிட்டரை சென்னையின் இரண்டாவது சேனலுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். கேடா கிராமத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் பிஜ் நிலையம் மூடப்பட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் நான். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டும். சென்னையில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு சேனல் என்ற வரவு மட்டும்தான் அன்று என் கண்ணில் பட்டது. பற்று எழுதப்பட்ட கணக்கு கேடா மக்களுடையது. டெல்லி நிகழ்ச்சியும் அகமதாபாத் நிகழ்ச்சியும் அவர்களுக்குப் பிறகும் கிடைத்தன. ஆனால் வீடு தேடி வந்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்ட டிவி போய்விட்டது.

போன பொதுக்குழுவில் ஓர் அன்பர், "வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது செய்திமடல் எதற்கு சார்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரையைப் பதிலாக எடுத்துக்கொள்ளட்டும்.

நம் குடியிருப்பில் அந்தக் காலத்தில் குஜராத்தில் வேலை பார்த்தவர்கள், பிஜ் டிவி பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த இதழில் உங்கள் நினைவுகளை வெளியிடலாம்.