களைக்கு அடித்த மருந்தும் புகையானும்

தாமிரபரணியின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகால், தென்கால் பாசனத்தில் கார் பருவமானாலும் பிசானப் பருவமானாலும் களையெடுப்பு என்பது வெகுகாலம் பெண்களின் கைவேலை; பிறகுதான் களைக்கொல்லி வந்தது. 1966இல் ஐ.ஆர்.8 நெல் வெளியானது. அதையடுத்து வந்த குட்டை ரகங்களோடு யூரியா கூடியது, பூச்சிமருந்து கூடியது, புகையானும் பெருகியது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சி, வயலில் வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கிவிடும். சில பூச்சிமருந்துகளே அதன் முட்டையிடும் திறனைத் தூண்டுகின்றன என்று தமிழகப் பூச்சியியலாளர் செல்லையாவும் ஹென்ரிக்ஸும் 1980இல் காட்டினார்கள். யூரியாவும் பூச்சிமருந்தும் குற்றக்கணக்கில் ஏறிவிட்டன. களைக்கொல்லி மட்டும் இன்னும் ஏறவில்லை. அதையும் ஏற்ற வேண்டும் என்பதே என் வாதம்.

2,4-டி வெறும் களைக்கொல்லி அல்ல, செயற்கையான வளர்ச்சி ஊக்கியும்கூட. பூவன் வாழைத்தாரில் விதை பிடிக்காமலிருக்க லிட்டருக்கு 25 மில்லிகிராம் தெளிக்கச் சொல்வது அதனால்தான். களையைக் கருக்கும் அளவில் அடித்தாலும் நெல் சாகாது, ஆனால் அதன் சாறு மாறும். அப்படி மாறிய நெல்லைத் தின்ற தண்டுத் துளைப்பான் புழுக்கள் கூடுதலாகப் பருத்தன என்று 1963இல் ஜப்பானின் இஷியும் ஹிரானோவும் கண்டார்கள். 2,4-டி பட்ட மக்காச்சோளத்தில் அசுவினியும் துளைப்பானும் பெருகியதை 1976இல் ஓகாவும் பிமென்டலும் எழுதினார்கள். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்த காலத்தில், அந்நாட்டின் பூச்சி மேலாண்மையை முன்னின்று நடத்தியவர்களில் இதே ஓகாவும் ஒருவர்.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லையே என்பார்கள். உண்மைதான். 2012இல் வந்த சீன ஆய்வில் 2,4-டி பட்ட நெல் தண்டுத் துளைப்பானை எதிர்த்து நின்றது. புகையானையோ ஈர்த்தது, அதன் முட்டையை அழிக்கும் குளவியையும் சேர்த்து ஈர்த்தது. வளர்ச்சியைக் குறுக்கும் குளோர்மெகுவாட் கொடுத்த முட்டைக்கோஸ் இனச் செடியில் அசுவினியின் பெருக்கம் குறைந்ததை வான் எம்டன் 1964லேயே கண்டார். இவை என் வாதத்தை உடைக்கவில்லை: நன்மையோ தீமையோ, மருந்து பயிர் வழியாகப் பூச்சியைத் தொடுகிறது. களையெடுக்க ஆள் கிடைக்காத விவசாயியைக் குறைசொல்லவும் முடியாது. களையிலும் பூச்சி தங்கும் என்பதும் சரியே. அதற்காக, களை செத்ததா என்று மட்டும் பார்த்து ஒரு மருந்தைப் பரிந்துரைப்பது போதாது. ஸ்ரீவைகுண்டம் வட்டத்திலேயே கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கிறது. களைக்கொல்லி அடித்த வயலிலும் கைக்களை எடுத்த வயலிலும் புகையான் முட்டைகளை எண்ணி, அந்தக் கணக்கை இந்தப் பாசன விவசாயிகளிடம் அது சொல்ல வேண்டும்.