பறந்து காட்டிய மிட்டாய்க்காரர்

இன்றைக்குப் புதுக்கோட்டையில் உட்கார்ந்தபடியே கூரியரில் ஒரு குட்டி விமானத்தை வரவழைத்துவிடலாம். பால்சா மரத்துண்டுகளை ஒட்டி, மோட்டாரைப் பொருத்தி, ரிமோட்டை அசைத்தால் வானத்தில் குட்டிக்கரணம் போடும். அலுத்துப்போனால் இறக்கையை மாற்றலாம், மோட்டாரைப் பெரிதாக்கலாம். விழுந்தால்? மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

ரைட் சகோதரர்களும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். 1878-ல் அப்பா வாங்கிவந்த ரப்பர் பேண்ட் ஹெலிகாப்டர் பொம்மையைப் பார்த்து, அதேபோல் பெரிசு பெரிசாகச் செய்தார்கள். பெரிசாக ஆக, பறக்க மறுத்தது! அளவு இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது பொடியன்களுக்கு எப்படித் தெரியும்?

நம்ம மதராஸில் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோடு ஹோட்டல் முதலாளி. கேக், மிட்டாய் வியாபாரத்தில் வளர்ந்தவர். பிளெரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கிட்டாவது, ரிமோட்டாவது! தானே டிசைன் போட்டார். செய்துகொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. கோச் வண்டி கட்டிப் பேர் வாங்கியவர்கள். இன்ஜினோ சின்னது. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். விழுந்தால் ஒட்டிக்கொள்ள முடியாத சமாசாரம்.

பறந்தது!

அதே வருஷம் டிசம்பரில் அலகாபாத்தில் பறந்த விமானங்கள், கப்பலில் பாகம் பாகமாக வந்து அங்கே பூட்டப்பட்டவை. அதாவது, கிட்! 1911 பிப்ரவரியில் தபால் மூட்டையைச் சுமந்ததில் பேர் முழுக்க அலகாபாத்துக்கே போய்விட்டது.