ஆணையும் உறுதிமொழியும்: சாட்சிக் கூண்டில் கடவுளின் இடம்

ஒருவர் தம் சொல் உண்மை என்பதற்குத் தம்மைவிட வலிய ஒன்றைப் பிணையாக வைப்பதே ஆணை எனப்படும். சங்க இலக்கியம் இதைச் சூள் என்றும், பகைவரைக் குறித்து அரசர் உரைக்கும் சூளை வஞ்சினம் என்றும் வழங்கியது. ஊர்ப்பேச்சில் அது சத்தியம், நீதிமன்றத்தில் பிரமாணம். பெயர் எதுவாயினும் அதன் உள்ளமைப்பு ஒன்றே. பொய் சொன்னால் தெய்வம் தண்டிக்கும் என்ற அச்சம் சொல்பவர் நெஞ்சில் இருப்பதாகக் கொண்டு, அந்த அச்சத்தை நம்பிக் கேட்பவர் அவர் சொல்லை ஏற்கிறார். அப்படியானால் அந்த அச்சம் இல்லாதவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? கடவுளை நம்பாதவரிடம் ஒழுக்கம் இருக்க இயலுமா என்று மெய்யியலாளர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்க, நீதிமன்றங்களோ அந்தக் கேள்விக்கு அன்றன்றே விடை சொல்லியாக வேண்டியிருந்தது. கூண்டில் ஏறி நிற்பவரின் சாட்சியத்தை ஏற்பதா, இறக்கி அனுப்புவதா என்பதை அடுத்த அமர்வுக்குத் தள்ளிக்கொண்டே போக முடியாது.

தமிழகத்தில் சத்தியம் வெறும் சொல்லாக நின்றதில்லை. கையும் காலும் நெருப்பும் அதில் பங்கெடுத்தன. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைப்பதும், பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தித் தாண்டுவதும், தலையில் அடித்துச் சொல்வதும் ஊரறிந்த வடிவங்கள். இவற்றின் கடுமையான எல்லையில் நின்றது சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கைமுக்கு. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். பின்னர் கைக்குத் துணி சுற்றப்படும். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கையில் புண் இல்லையெனில் அவர் குற்றமற்றவர். தெய்வம் சாட்சியாக மட்டுமன்றித் தீர்ப்பு வழங்குபவராகவும் இருந்த இம்முறை, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் சட்டம் இறையச்சத்தையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், கிறித்தவரல்லாதார் ஆணையிட்டுச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்கள் என்று கருதினார். சமயப் பொறுமைக்காக வாதிட்ட ஜான் லாக் கூட, 1689இல் வெளிவந்த தம் கடிதநூலில், வாக்குறுதியும் ஒப்பந்தமும் ஆணையும் நாத்திகரைக் கட்டுப்படுத்தா என்று சொல்லி அவர்களுக்குப் பொறுமையின் வாசலை அடைத்துவிட்டார். ஆனால் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, வால்மீனைப் பற்றிய நூல் ஒன்றில், பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் பெயில் நாத்திகர் மட்டுமே வாழும் சமுதாயமும் ஒழுங்காக நடக்கக்கூடும் என்று வாதிட்டிருந்தார். மனிதர்கள் தாம் நம்புவதாகச் சொல்லும் கொள்கைப்படி நடப்பது அரிது, பழக்கமும் மானமும் ஆசையுமே அவர்களை நடத்துகின்றன என்பது அவர் கருத்து. இந்த வரலாற்றின் போக்கைப் பார்த்தால் லாக்கைவிடப் பெயிலே மனிதரை நன்றாக அறிந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆணைமுறையில் முதல் விரிசல் நாத்திகரால் விழவில்லை, மிகுந்த பக்தி உடையவர்களால் விழுந்தது. ஆணையே இட வேண்டாம் என்ற இயேசுவின் போதனையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றிய குவேக்கர்கள் எனும் கிறித்தவப் பிரிவினர், ஆணையிட்டுச் சொன்னால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் சொல்வது பொய்யா என்று கேட்டுச் சிறை சென்றார்கள். 1696இல் இயற்றப்பட்ட சட்டம், உரிமையியல் வழக்குகளில், அதாவது சொத்து, கடன் போன்ற வழக்குகளில், ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற அவர்களுக்கு இடமளித்தது. உறுதிமொழி என்னும் மாற்று வடிவம் சட்டத்துக்குள் வந்த வழி இதுதான். பிற்காலத்தில் இறைமறுப்பாளர் நுழைந்த கதவு, இறைப்பற்று மிக்கவர் தட்டித் திறந்தது.

அடுத்த திருப்பம் வங்காளத்திலிருந்து வந்தது. கல்கத்தா வணிகர் ஓமிசந்த் தமக்கு வர வேண்டிய பணத்துக்காகத் தொடுத்த வழக்கு லண்டன் சான்சரி நீதிமன்றத்தை எட்டியபோது, கல்கத்தாவில் பதிவு செய்யப்பட்ட இந்து சாட்சிகளின் வாக்குமூலம் செல்லுமா என்ற சிக்கல் எழுந்தது. அவர்கள் தங்கள் வழக்கப்படி பிராமணரின் காலைத் தொட்டு ஆணையிட்டிருந்தார்கள். 1744இல் ஹார்ட்விக் பிரபுவும் உடனிருந்த நீதிபதிகளும் அது செல்லும் என்றார்கள். தத்துவத்தைவிட வணிகமே இங்கு அழுத்தமாகப் பேசியது எனலாம்; உள்ளூர் மக்களின் சாட்சியத்தை ஏற்காத நீதிமன்றத்தை நம்பி இந்தியாவில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கும்? ஆயினும் தீர்ப்பு வகுத்த அளவுகோல் கூர்மையானது: சாட்சி எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், பொய்யைத் தண்டிக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினால் போதும். இதனால் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறந்தது. நாத்திகர் மட்டும் முன்னிலும் தெளிவாக வெளியே நிறுத்தப்பட்டார்.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரின் மீதும் முஸ்லிம்கள் குர்ஆன் மீதும் ஆணையிட வைக்கப்பட்டனர். இது வெள்ளையர் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மதிப்புள்ள குடும்பத்தினர் பலர், உண்மையைச் சொல்வதற்காகவே ஆயினும் புனித நீரைத் தொட்டு ஆணையிடுவதை இழிவாகவும் பாவமாகவும் கருதிக் கூண்டேற மறுத்தார்கள். இத்தகைய ஆணைகள் மக்களின் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை, நீதிக்கு இடையூறானவை என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டு, 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அவற்றை நீக்கி, எல்லாம் வல்ல இறைவனின் முன்னிலையில் கூறும் உறுதிமொழியை அவற்றின் இடத்தில் வைத்தது. கடவுள் பெயர் நீடித்தது. நீரும் நூலும் போயின.

இங்கிலாந்தில் இதே காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1861இல் வந்த ஒரு வழக்கில், கடவுளையும் மறுமையையும் நம்பவில்லை என்று சொன்ன பெண்ணின் சாட்சியம் மறுக்கப்பட்டது. அவர் வாதியின் மனைவி, வழக்கும் அதோடு விழுந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் இவ்விதியின் உள்முரணைச் சுட்டிக்காட்டியிருந்தார். நீதிபதி கேட்கும்போது 'நம்புகிறேன்' என்று பொய் சொல்லும் நாத்திகரின் சாட்சியத்தைச் சட்டம் ஏற்கிறது. நம்பவில்லை என்ற உண்மையை ஊரார் பழிக்கு அஞ்சாமல் சொல்பவரின் சாட்சியத்தைப் பொய்யர் என்று கருதித் தள்ளுகிறது. 1869, 1870 ஆண்டுகளின் சட்டங்கள் இந்நிலையை மாற்றி, நீதிமன்றத்தில் நாத்திகரும் உறுதிமொழி கூறலாம் என்றாக்கின.

நாடாளுமன்றம் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. தேசிய மதச்சார்பற்ற சங்கத்தை 1866இல் நிறுவிய சார்லஸ் பிராட்லா, 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்று வந்தபோது உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். அதன் சொற்கள் உமக்குப் பொருளற்றவை என்று நீரே சொல்லிவிட்டீர் என அதையும் மறுத்தார்கள். மணிக்கூண்டுக் கோபுரத்தில் ஓரிரவு அடைக்கப்பட்டார். 1882 பிப்ரவரியில் அவர் அவையின் நடுமேசைக்கு நடந்து சென்று, கொண்டுவந்திருந்த விவிலியத்தை எடுத்துத் தாமே தமக்கு ஆணை செய்துவைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அவை அவரை வெளியேற்றியது. தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். 1886இல் அவைத்தலைவர் பீல் இடையீடுகளை ஏற்க மறுத்த பிறகே அவர் இருக்கையில் அமர முடிந்தது. 1888இல் அவர் முயற்சியால் நிறைவேறிய ஆணைச் சட்டம் உறுதிமொழியை எல்லோருக்கும் பொதுவாக்கியது. இந்தியாவுக்காக அவையில் ஓயாது பேசிய பிராட்லா 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். 1891இல் அவர் இறந்தபோது லண்டனில் மாணவராயிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குச் சென்றதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சென்னையிலும் அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். 1880களில் வெளிவந்த 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழ் அந்தச் சிந்தனை மரபில் நின்றது.

இந்தியாவில் 1873இல் வந்த ஆணைச் சட்டம் ஒருபுறம் புதுமையையும் மறுபுறம் பழமையையும் தாங்கியிருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஆணையிடத் தயங்கும் பிறரும் உறுதிமொழி கூறினால் போதும் என்று விதித்த அதே சட்டம், சிறப்பு ஆணை என்ற ஏற்பாட்டையும் வைத்திருந்தது. கடன் கொடுத்ததற்குப் பத்திரம் இல்லாத வாதி ஒருவர், 'எதிராளி இன்ன கோயிலில் கற்பூரம் அணைத்து, வாங்கவில்லை என்று சத்தியம் செய்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். எதிராளி இசைந்தால், ஆணையை வாங்கிப் பதிவு செய்ய நீதிமன்றம் ஒருவரைக் கமிஷனராக நியமிக்கலாம். கருவறை வாசலில் தட்டில் எரியும் கற்பூரத்தின் மேல் உள்ளங்கை இறங்கிய அந்த நொடியில் வழக்கு முடிந்தது, ஏனெனில் அப்படிச் சொல்லப்பட்டதே முடிவான சான்றாகும் என்றது சட்டம். மூன்றாம் மனிதரைப் பாதிக்கும் ஆணை கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் இருந்தது. பிள்ளையைப் போட்டுத் தாண்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இவ்வரியின் நோக்கம் விளங்கும். ஒழுக்கத்தைக் கடவுள் அச்சத்தின் மேல் முழுவதுமாக நிறுத்திய இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு: உண்மையே சொல்ல இருந்தாலும் சாமிக்குப் பயந்து கையை நீட்டத் தயங்கியவர் தோற்கக்கூடும், பயமற்ற பொய்யர் கற்பூரத்தை ஊதித் தள்ளுவதுபோல் அணைத்துவிட்டு வெல்லக்கூடும். சட்ட ஆணையத்தின் 28ஆம் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1969ஆம் ஆண்டின் ஆணைச் சட்டத்தில் சிறப்பு ஆணைக்கு இடமில்லாமல் போனது.

இதற்கிடையில் அரசியலமைப்புச் சட்டம் உருவாகியிருந்தது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில், முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று உறுப்பினர் எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தம், நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் கூடாது என்ற தாணு பிள்ளை முதலியோரின் எதிர்ப்பைச் சந்தித்து, 41க்கு 68 என்ற வாக்குகளில் தோற்றது. பதவியேற்புக்கு மட்டும் மூன்றாம் அட்டவணை இரு வடிவங்களை அருகருகே வைத்தது: கடவுளின் பெயரால் ஆணை, அல்லது உளமார்ந்த உறுதி. திராவிட இயக்கத்தின் வழிவந்த அமைச்சர்கள் பலர் இரண்டாவதைத் தேர்ந்ததால், 'உளமார' என்ற ஒற்றைச் சொல்லே தமிழ்நாட்டில் கட்சி அடையாளமாகிவிட்டது. 1963இல் 16ஆம் திருத்தம் இவ்வாசகங்களில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் சொற்களைச் சேர்த்தது. கடவுளை நம்பாதவரைக் கண்டு கலங்காத அரசு, தனிநாடு கேட்பவரைக் கண்டு கலங்கியது.

திரைப்படங்களில் சாட்சிகள் இன்றும் பகவத் கீதையின் மேல் கை வைக்கிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டம் எந்த நூலையும் கேட்பதில்லை. ஆணையிட்டவருக்கும் உறுதி கூறியவருக்கும் பொய்சாட்சிக்கான தண்டனை ஒன்றே. ஆணை வாங்க மறந்து போனாலும் உண்மை கூறும் கடமை நீங்காது என்கிறது அதன் 7ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1779ஆம் ஆண்டின் பிரேசியர் வழக்கு முதல், ஆணையின் பொருளும் பொய்யின் பாவமும் அறியாத குழந்தை சாட்சி சொல்ல முடியாதென்பது விதியாக இருந்தது. இப்போதைய இந்தியச் சட்டத்தில், 12 வயதுக்குட்பட்ட குழந்தை உண்மை பேச வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டிருந்து, ஆணை என்றால் என்னவென்று அறியாதிருந்தால், ஆணையின்றியே பேசலாம். குழந்தையிடம் நீதிபதி முதலில் பெயரையும் பள்ளியையும் கேட்கிறார், பிறகு பொய் சொல்லலாமா என்று கேட்கிறார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்த விடை வந்தாலும், சொல்லக் கூடாது என்ற விடை மட்டும் வந்தாலும், நீதிபதி கேள்வியையும் பதிலையும் குறித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்குகிறார்.