ஒரே சொல்லில் கலைஞரும் டிங்கரும்

இன்று ஓர் இத்தாலியச் சொல்லின் வரலாறு: 'கரோட்ஸியேரே'.

இத்தாலியில் கார் இடித்து ஒடுக்கு விழுந்தால் கரோட்ஸியேரேயிடம் கொண்டுபோவார்கள். நம் ஊரில் டிங்கர் என்கிறோமே, அவர்தான். ஆனால் உலகம் வியந்த கார்களுக்கு உருவம் தந்த பினின்ஃபாரினாவுக்கும் பெர்தோனேவுக்கும் அதே பெயர்தான்!

காரணம் எளிது. 'கரோட்ஸா' என்றால் குதிரை வண்டி. அதைச் செய்தவர் கரோட்ஸியேரே. மோட்டார் வந்ததும் குதிரை போயிற்று, பெயர் நிலைத்தது. அந்நாளில் கார் கம்பெனியிடம் எஞ்சினோடு சேஸியை மட்டும் வாங்கி, பாடியைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டூரின் நகரில் ஜொவான்னி பெர்தோனே 1912-இல் வண்டிப் பட்டறை தொடங்கினார். அண்ணன் பட்டறையில் தொழில் பழகிய பாட்டிஸ்டா ஃபாரினா 1930-இல் தனியாக ஒன்று தொடங்கினார். வீட்டில் அவர் 'பினின்', அதாவது சின்னவன். 1961-இல் அந்தச் செல்லப்பெயரும் சேர்ந்து, சட்டப்படி குடும்பப் பெயரே பினின்ஃபாரினா ஆயிற்று. அவர் பட்டறையில் உருவான சிசிதாலியா 202 கார் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அந்த வளைவுகளைத் தகட்டில் கொண்டுவந்தவர்கள் சுத்தியல் பிடித்த தொழிலாளிகள். அவர்களுக்கு 'பத்திலாஸ்த்ரா' என்று பெயர். தகடு தட்டுபவர் என்று பொருள்.

சேஸியும் பாடியும் ஒன்றாகவே வார்க்கப்பட்டது போன்ற அமைப்பை 1922-இலேயே லான்சியா லாம்ப்டா காட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே வழக்கமாயிற்று. தனியாக பாடி கட்டும் வேலை குறைந்தது. பெரிய பட்டறைகள் தொழிற்சாலைகளாகவும் வடிவமைப்பு நிறுவனங்களாகவும் மாறின. சிறியவை பல மூடப்பட்டன. பழுது பார்க்கும் வேலை மட்டும் எல்லா ஊரிலும் நின்றது. பழைய பெயரும் அதோடு நின்றது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பலருக்கு நினைவிருக்கும். அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டை வரைந்தவர், மேலே சொன்ன அண்ணன் பட்டறையில் தொழில் கற்ற ஜொவான்னி மிக்கெலோட்டி. பெர்தோனே நிறுவனம் 2014-இல் திவாலானது. பினின்ஃபாரினாவை வாங்க 2015-இல் ஒப்பந்தம் செய்தது நம் நாட்டு மஹிந்திரா.

என் மாணவர்களில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. தொழிலைக் கேட்டால் சிலர் சற்றுத் தயங்கித்தான் சொல்கிறார்கள். தயங்காதீர்கள், தம்பிகளே. அருங்காட்சியகத்துக்குப் போன காரும் உங்களைப் போன்றவர்களின் சுத்தியலில் பிறந்ததுதான்.