பெரகல சந்தியில் பிரியும் இரண்டு பாதைகள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2019 மே மாதம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலை தொடங்கிய நாட்கள். வாசலில் எல்லோருடைய பைகளையும் பார்த்தார்கள். என்னை மட்டும் யாரும் தனியாக நிறுத்தவில்லை. ஆனாலும் கேட்பதற்கு முன்பே நான் பையைத் திறந்து காட்டினேன். என் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அந்தக் கொலைகளைச் செய்திருந்தார்கள். நான் கூனிக்குறுகிப் போயிருந்தேன்.

அந்த வாரம் வரலாற்றுப் பாடத்தில், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், கதிர்காமத்துல ஒங்க பள்ளியும் இருக்காமே? நீங்கதான் சாமி கும்பிட மாட்டீங்களே, பொறகு எதுக்கு அங்க பள்ளி?"

"நாளைக்குச் சொல்றேன் மகள்" என்று சமாளித்தேன். மறுநாள் சொன்ன பதிலும் அரைகுறைதான். அதை முழுமையாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அப்புத்தளையிலிருந்து இறங்கினால் பெரகல சந்தி. அங்கே ஒரு பாதை கொஸ்லந்த, வெல்லவாய வழியாகக் கதிர்காமப் பக்கம் போகிறது. மற்றது ஹல்துமுல்ல வழியாகப் பலாங்கொடைக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஜெய்லானி இருக்கிறது. இரண்டுமே பல மதத்தவரும் உரிமை கொண்டாடும் இடங்கள். ஆனால் இரண்டின் கதையும் ஒன்றல்ல.

முதலில் கதிர்காமம். நம் தோட்டத்து மக்களுக்கு அது முருகன் கோயில். சிங்கள மக்களுக்குக் கதரகம தெய்யோ. பெரிய கோயிலில் பூசை செய்பவர்கள் சிங்களக் கப்புறாளமார். தெய்வானை அம்மன் கோயில் இந்தியாவிலிருந்து வந்த சுவாமிமாரின் பரம்பரையில் நடந்து வந்தது. சற்றுத் தள்ளி பௌத்தர்களின் கிரிவெஹெர. வள்ளியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் நமது பள்ளிவாசல். ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறும் காலத்தில் பள்ளியிலும் கொடியேறும். பக்கீர்மார் றாத்தீபு நடத்துவார்கள். பெரஹெரா வள்ளியம்மன் கோயிலை நோக்கி வரும்போது பள்ளியின் பக்கமாகத்தான் வரும்.

அந்தப் பள்ளி ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு சேர்ந்தது. குர்ஆன் அவர் பெயரைச் சொல்வதில்லை. கஹ்ஃப் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்திலிருந்து 82 வரை, மூஸா நபி தேடிப் போய்ச் சந்தித்த ஓர் அடியாராக மட்டுமே அவர் வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் நம்மில் பலர் ஓதும் அத்தியாயம்தான். ஆனால் அதில் இருப்பதை நான் கவனித்தது இந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான். மூஸா நபிக்கு வேதம் கொடுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர், தன்னிடம் இல்லாத அறிவு இன்னொருவரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறார். பொறுமையாக இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று தடவையும் பொறுக்க முடியாமல் கேள்வி கேட்கிறார். உணவு கொடுக்க மறுத்த ஊரில் விழப்போன சுவரை ஹிழ்ர் கூலி வாங்காமல் நிமிர்த்துகிறார். அந்தச் சுவருக்கு அடியில் அநாதைப் பிள்ளைகளின் சொத்து இருந்தது என்பது மூஸா நபிக்குப் பிறகுதான் தெரிகிறது.

இனி ஜெய்லானி. பக்தாதில் 1166இல் வபாத்தான முஹியித்தீன் அப்துல் காதர் ஜீலானி (ரஹ்) அவர்கள் அங்குள்ள குகையில் தியானம் இருந்ததாக நம் முன்னோர் நம்பி, பள்ளி அமைத்து, கந்தூரி கொடுத்து வந்தார்கள். சிங்கள மக்களுக்கு அந்த இடம் கூரகல. பிராமிக் கல்வெட்டுள்ள குகைகள் அங்கே இருப்பதால், பழைய பிக்குமார் வாழ்ந்த இடம் என்கிறார்கள். கல்வெட்டை நாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. நெடுங்காலம் இரண்டும் ஒரே மலையில்தான் இருந்தன. அந்தப் பலாங்கொடைத் தொகுதியில் 1977இல் பெரும்பான்மைச் சிங்கள வாக்காளர்கள் எம்.எல்.எம். அபுசாலி என்ற முஸ்லிமைத் தெரிவு செய்தார்கள். ஜெய்லானியின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவர்தான்.

2013இல் பொதுபல சேனா கூரகலயை மீட்க வேண்டும் என்று பெரும் பிரசாரம் செய்தது. 2022இல் அரச வெசாக் விழாவே அங்கே நடந்தது. பள்ளி இன்னும் இருக்கிறது. ஆனால் பழைய நிம்மதி இல்லை.

ஏன் இப்படி? கூரகலயில் "யார் முதலில் வந்தது?" என்ற கேள்வியை நடுவில் வைத்தார்கள். அந்தக் கேள்விக்கு முடிவே இல்லை. அதே பகுதியில் கற்கால மனிதரின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அவர்கள் பௌத்தரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. கதிர்காமத்திலும் சண்டை சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனாலும் பள்ளியில் கொடியேற்ற வேண்டுமென்றால் முருகனுக்கு முன்னால் வந்ததை நிரூபி என்று அங்கே வழக்கம் கேட்டதில்லை.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடி, கந்தூரி எல்லாம் மார்க்கத்தில் இல்லை என்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அங்கே நேர்ச்சை வைப்பவன் அல்ல. அது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விசயம். ஆனால் அந்த இடங்களை வெட்கத்தோடு மறந்தால், அயலவரோடு வாழ்ந்த நம் சரித்திரமும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு இந்த நாட்டில் நமக்கு என்ன வேர் என்று கேட்டால் எதைக் காட்டுவது?

மத நல்லிணக்கக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் நான்கு மதத் தலைவர்கள், குத்துவிளக்கு, எல்லா மதமும் ஒன்றுதான் என்ற பேச்சு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. என் மதமும் அந்தப் பிள்ளையின் மதமும் ஒன்றல்ல. அது அவளுக்கும் தெரியும்.

அந்த வருடத் திருவிழாவுக்குப் போய் வந்தவள் ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு பார்சலை நீட்டினாள். உள்ளே தொதல்.

"இது கடையில வாங்கினது சேர். சாமிக்குப் படைக்கல. நீங்க சாப்பிடலாம்."

அவள் தன் சாமியை விட்டுக் கொடுக்கவில்லை. என்னையும் என் மார்க்கத்தை விட்டு இறங்கி வரச் சொல்லவில்லை. நான் எதைச் சாப்பிட மாட்டேன் என்று யோசித்து, வேறாக வாங்கி, அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறாள். அன்று பையை முந்திக்கொண்டு திறந்து காட்டினேனே, அந்தக் கூச்சம் அந்தத் தொதலோடு போய்விட்டது.

பெற்றோரோடு கதிர்காமத்துக்கு நடந்து போனவர்களும், சின்ன வயதில் ஜெய்லானிக் கந்தூரிக்குப் போனவர்களும் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சொல்வதைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணைப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.