கடிவாளம் பிடித்த கை

நமுனுகுல மலைச்சாரலின் தோட்டங்களில் இன்று குதிரைக் குளம்பொலி கேட்பதில்லை. கோப்பிக் காலத்திலும், தேயிலையின் தொடக்க நாட்களிலும் துரைமார் குதிரை மீதேறியே மலை பார்த்தனர். அக்குதிரைகளுக்குப் புல்லறுத்து, உடல் தேய்த்து, லாயம் கூட்டியவர்களுள் நம்மவரும் இருந்தனர். குதிரையின் நோவை முதலில் அறிந்தவர் அதன் மீது ஏறியவரல்லர். அவர் இறங்கிய பின் அதன் முதுகைத் தடவியவரே.

அந்த நோவுக்குப் பொறுப்பாளி யார்?

நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அவருடைய ஆங்கிலேயக் குதிரைக்காரன் றம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் வீழ்த்தினான். மீட்புக்கு வந்த யானையையும் குடிமயக்கத்தில் விரட்டிச் சாகடித்தான். பேக்கர் இதனை வேடிக்கைக் கதையாகவே எழுதிச் செல்கிறார். சிரிப்பு எசமானுக்கு, சாவு வாயில்லாப் பிராணிக்கு!

குதிரைகள் தடைதாண்டும் போட்டியின் வரலாறும் இதே வினாவைச் சுற்றியே நடக்கிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றது. அந்நாட்களில் ஏறியவர் தடைக்கு மேலே பின்புறம் சாய்ந்து, கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார். குதிரையின் வாய் நோகும், முதுகு அழுந்தும். அடுத்த தடையைக் கண்டு அது மிரண்டால், 'முரட்டுக் குதிரை' என்ற பழி அதற்கே!

இப்பழியைத் திருப்பிப் போட்டவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடரிக்கோ கப்ரில்லி (1868–1907). ஆளில்லாமல் தாவும் குதிரை கழுத்தை நீட்டித் தன்னைச் சமன் செய்துகொள்வதை அவர் கூர்ந்து நோக்கினார். அப்படியாயின் மாற வேண்டியது குதிரையா, மனிதனா? அங்கவடியைக் குறுக்கி, முன்சாய்ந்து, கையைத் தளர்த்துமாறு வீரர்களுக்குக் கற்பித்தார். இன்று தடைதாண்டுவோர் அமரும் முறைக்கு அதுவே அடிப்படை.

எனினும் கணக்கேட்டில் ஓர் அநீதி எஞ்சியுள்ளது. தடைமுன் குதிரை மறுத்து நின்றால் 4 குற்றப்புள்ளிகள். அச்சத்தையும் நோவையும் சொல்ல அதற்குள்ள மொழியே அம்மறுப்புத்தான் அன்றோ?

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், எமது நாட்டின் சார்பில் மத்தில்டா கார்ல்சன் தடைதாண்டும் போட்டியில் பங்குபற்றியது நமக்குப் பெருமையே. அதே விழாவின் நவீன ஐந்திறப் போட்டியில் நடந்ததோ வேறு. அங்கே குதிரைகள் குலுக்கல் முறையில் தரப்பட்டன; பழகிக்கொள்ள 20 நிமிடமே அவகாசம். 'செயின்ட் பாய்' என்ற குதிரை தாண்ட மறுத்தது. ஏறியிருந்த ஜெர்மன் வீராங்கனை கண்ணீர் வடித்தவாறே சவுக்கை வீசினார். பயிற்றுநர் குதிரையைக் கையால் குத்தினார். உலகம் அதிர்ந்தது. 2024 பாரிஸ் விழாவுடன் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

வீராங்கனையை மட்டும் பழிப்பது எளிது. பழகாத உயிரை இருபதே நிமிடத்தில் பணியவைக்கலாமென்று விதி வகுத்தவரும் குற்றத்தில் பங்காளிகளே. ஆயினும், கடைசித் தடையின் முன் கடிவாளம் இருப்பது ஒருவர் கையில்தான். போட்டியிலிருந்து விலகும் உரிமை அவருக்கு உண்டு, குதிரைக்கு இல்லை. பதக்கத்தை இழந்தாலும் திரும்பிவிடும் துணிவையும் குதிரையேற்றப் பயிற்சியின் பாடமாக்க வேண்டும். லாயத்தில் முதுகு தடவிய நம் முன்னோர், சட்டப்புத்தகம் ஏதுமின்றியே அதனை அறிந்திருப்பர்.